வாசிப்பு, ஜனங்கள், குறிப்பு

எங்கள் கடைக்கு வந்த முதல் கம்ப்யூட்டரின் திரையில், மேலே இடது ஓரத்தில், ஒரு சின்னக் கட்டத்துக்குள் ‘நார்மல்’ என்று எழுதியிருக்கும். ஆறு வருடம் நான் அதைத் தொட்டதே இல்லை. பெட்டி நல்லபடியாக இருக்கிறது என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறது போல என்று நினைத்திருந்தேன். டாக்டர் சீட்டில் பிரஷர் நார்மல் என்று எழுதுவார்களே, அந்தக் கணக்கில். காலையில் வந்து சுவிட்சைப் போட்டதும் அந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்கு ஒரு நிம்மதிகூட வரும். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சொல்லிக்கொடுக்க அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் இல்லை.

கடை என்றால் திண்டுக்கல்லில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒரு ஜாப் டைப்பிங் கடை. நான்கு தட்டச்சு இயந்திரங்களோடு ஆரம்பித்த கடைக்குத் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தமிழ்த் தட்டச்சில் ஹையர் பரீட்சை பாஸ் செய்தவள் நான் ஒருத்திதான் என்பதால், கடைக்கார அம்மா என்னை அதன் முன்னால் உட்காரவைத்தார். விசைகளின் இடம் மாறவில்லை, என் விரல்களும் மாறவில்லை, சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

தட்டச்சு இயந்திரத்தில் ஒரு வரி முடியப்போகும்போது மணி அடிக்கும். கைப்பிடியைத் தள்ளி அடுத்த வரிக்குப் போவோம். பத்து வருடம் அப்படிப் பழகியவளுக்குக் கம்ப்யூட்டரில் மணி அடிக்காவிட்டாலும் காதில் அடித்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் என் சுண்டுவிரல் தானாகப் போய் எண்டர் விசையைத் தட்டிவிடும். தலைப்பு நடுவில் வரவேண்டுமென்றால் எழுத்துகளை எண்ணி, பாதியாக்கி, அத்தனை தடவை வெற்றிடம் தட்டுவேன். தாளில் அச்சாகி வரும்போது கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். வக்கீல் குமாஸ்தாக்கள் எல்லோரும் என் கைவேலையைத்தான் கேட்டு வாங்கிப் போனார்கள். எனக்குக் கர்வம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மதினிக்கு நான் அடித்துக் கொடுத்ததும் அந்தக் கர்வத்தில்தான்.

மதினி என் அண்ணன் மனைவி. நத்தம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, புளியந்தோப்பைத் தாண்டி ஒரு மைல் நடந்தால் எங்கள் ஊர். நான் கல்யாணமாகி டவுனுக்கு வந்துவிட்டேன். அண்ணனும் மதினியும் ஊரில் மல்லிகைத் தோட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் மாதா கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு புலம்பல் வாசிப்பார்கள். மகனைப் பறிகொடுத்த தாய் வீதி வீதியாக அலைந்து அழுவதுபோல, எங்கள் ஊரில் எந்தக் காலத்திலோ யாரோ ஒரு நோட்டில் எழுதிவைத்தது. ஒரு மணி நேரம் போகும். அதை வாசிப்பது எங்கள் வீட்டு முறை. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் வாசித்திருக்க வேண்டும். அவருக்கு நாக்குத் திக்கும். அதனால் எங்கள் வீட்டுக்கு வந்த மருமகள் கையில் அந்த நோட்டு போனது. ஒரு பொம்பளை வாசிப்பதா என்று முதல் வருடம் ஊரில் நாலு பேர் முனகினார்கள். மதினி வாசித்து முடித்தபோது முனகியவர்கள்தான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குரலைப் பற்றி என்னத்தைச் சொல்ல. தோட்டத்தில் கூலியாட்களை அதட்டுகிற அதே குரல்தான். எட்டாவதோடு நின்ற படிப்பு. ஆனால் அந்த மேடையில் ஏறி முதல் வரியை எடுத்தால், பின்வரிசையில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்கிற பிள்ளைகூட வாயை மூடிக்கொள்ளும். எனக்கு ஒவ்வொரு வருடமும் முழங்கை வரை புல்லரிக்கும். நம் வீட்டில் நம்மோடு உட்கார்ந்து வெஞ்சனத்துக்குக் காய் நறுக்குகிறவருக்குள் இது எங்கே இருக்கிறது என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தாளைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும், மனப்பாடமாகச் சொல்லக் கூடாது. முன்னொரு காலத்தில் ஒருவர், எனக்கு எல்லாம் நெஞ்சில் இருக்கிறது என்று நோட்டை மூடிவைத்துவிட்டுச் சொல்லப் போனாராம். நடுவில் அழுகை முட்டியதில் ஐந்து பக்கத்தை விட்டுவிட்டு, சிலுவையில் அறைவதற்கு முன்னாலேயே அடக்கம் பண்ணிவிட்டாராம். அந்த வருடம் மழையும் இல்லையாம். அதிலிருந்து, வாசிப்பவருக்குப் பக்கத்தில் கோயில் பிள்ளை நின்று கண் தாளில் ஓடுகிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கோயில் பிள்ளை என்றால் கோயிலைத் திறந்து பூட்டி, மணியடித்து, சாமியார் வராத நாளில் ஜெபம் சொல்பவர். எங்கள் கோயில் பிள்ளை சட்டம் பேசுகிற ஆள். பாவாடை நாடா தரையில் இழுபட்டாலும் வாசலிலேயே நிறுத்தி முடிந்துகொண்டு வரச் சொல்வார்.

பழைய நோட்டு தொட்டால் உதிர்ந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் மதினி அதை ஒரு மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்.

“ஏத்தா, ஒங்க பெட்டியில இத அடிச்சுத் தர முடியுமா?” என்றார்.

“பெட்டி என்ன மதினி, கம்ப்யூட்டர்னு சொல்லுங்க. ஒரு வாரத்துல முடிச்சுத் தாரேன்” என்றேன்.

நோட்டில் மூன்று விதமான எழுத்து இருந்தது. வாசிக்க வேண்டியது நீல மையில். ஜனங்கள் சேர்ந்து சொல்ல வேண்டியது அடிக்கோடு போட்டு. வாசிப்பவருக்கான குறிப்புகள் பொடியாகச் சிவப்பு மையில்: இங்கே மண்டியிடவும், இங்கே மரக்கட்டை தட்டவும் என்று. பெரிய வெள்ளியன்று மணி அடிக்க மாட்டார்கள், கட்டைதான். எங்கள் பிரிண்டரில் சிவப்பு கிடையாது. அதனால் குறிப்புகளை மட்டும் சின்ன எழுத்தாக்கி அடைப்புக்குறிக்குள் போட்டேன். பதினெட்டு பக்கம் வந்தது. மதினி தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, “கோயில் பொஸ்தகம் மாதிரியே இருக்கு புள்ள” என்றார். ஒரு வருடம், இரண்டு வருடம், அதை வைத்துத்தான் வாசித்தார்.

மூன்றாம் வருடம், பெரிய வெள்ளிக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் மறுபடி வந்தார். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குத்தா. மதுரையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாத்தோம். கண்ணாடி போட்டாலும் நிக்காதாம். உள்ள நரம்பு காயுதாம்.”

அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

“ஊர்ல யாருக்கும் தெரியாது. ஒங்க அண்ணனுக்கும் ஒனக்குந்தான் தெரியும். தெரிஞ்சா நோட்ட வாங்கி வேற வீட்டுக்குக் குடுத்துருவாக” என்றார். “தோட்டத்துல பூ எடுக்கறதக்கூடக் கையால தடவி எடுத்துருவேன். இத விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?” என்றார்.

மதினி தன்னைப் பற்றி அப்படி வாய்விட்டுச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. “எழுத்தப் பெருசாக்கிட்டாப் போச்சு, இதுக்குப் போயி” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பெரிதாக்குவது எவ்வளவு வேலை? எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பதினான்கை இருபத்துநாலாக மாற்ற வேண்டும். இரண்டு தட்டு.

அந்த இரண்டு தட்டில் என் கண்ணெதிரே எல்லாம் சிதறியது. ஒவ்வொரு வரி முடிவிலும் நான் தட்டிவைத்திருந்த எண்டர், அந்தந்த இடத்திலேயே ஆணி அடித்ததுபோல் நின்றது. எழுத்துப் பெரிதானதும் வரி பக்கத்துக்குள் அடங்காமல் உடைந்து, ஒரு முழு வரி, அதன் கீழ் இரண்டு சொல், மறுபடி ஒரு முழு வரி, மறுபடி இரண்டு சொல் என்று ஆனது. வெற்றிடம் தட்டி நடுவில் நிறுத்திய தலைப்புகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. என் கைவேலையின் உள்பக்கம் இப்படித்தான் இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மத்தியான நேரங்களில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்டராக அழித்தேன். மூன்று வாரம் பிடித்தது. எல்லா எண்டரையும் ஒரே மூச்சில் எடுக்க வழி இருக்கிறது என்று பின்னாளில் தெரிந்தபோது என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேன்.

அந்த அவசரத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கியதில் குறிப்புகளும் பெரிதாகியிருந்தன. வாசிப்பும் குறிப்பும் ஒரே அளவு, ஒரே தடிமன். நடுவே இருந்தது மெல்லிய அடைப்புக்குறி மட்டும்.

பெரிய வெள்ளி வந்தது. கோயில் நிறைந்து வெயிலில் பந்தல் வரை கூட்டம். மதினி ஏறினார். கால் மணி நேரம் ஒரு பிசிறு இல்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துப் பிடித்து வாசிக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. தாய் மகனைத் தெரு முனையில் எதிர்கொள்கிற இடம். எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். மதினி அதே குரலில், அதே நடுக்கத்தோடு, நெஞ்சு பிளக்கிற மாதிரி வாசித்தார்:

“வாசிப்பவர் இங்கே நின்று தண்ணீர் குடித்துக்கொள்ளவும்.”

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு இளவட்டங்கள் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்து அடக்க முடியாத சிரிப்பு. அது பெண்கள் பக்கத்துக்கும் பரவியது. பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் ஜனங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மதினி நிமிரவில்லை. சற்று நின்று, அடுத்த வரியைத் தேடி எடுத்து, கடைசி வரை வாசித்துவிட்டு இறங்கினார். என் அருகே வந்து நின்றபோது அவர் கை சில்லென்று இருந்தது. தப்பு என்னுடையது என்று எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் கண் விஷயமும் வெளியே வந்துவிடும், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

கோயில் பிள்ளை சாயந்தரம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். திண்ணமாகச் சொன்னார். “தங்கச்சி, பெரிய வெள்ளி பெரிய வெள்ளியா இருக்கணும். அடுத்த வருசம் ஒரு தடவ பாப்போம். அப்பயும் இப்பிடின்னா நோட்டு வேற வீட்டுக்குப் போயிரும். மனசுல வச்சுக்காத.”

மதினி அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வருடம் முழுக்க எனக்கு அந்தப் பதினெட்டு பக்கம்தான் நினைப்பு. இருபத்துநாலும் போதாது என்று மதினி ஏற்கெனவே சொல்லிவிட்டார். வாசிப்பு மட்டும் பெரிதாக வேண்டும். குறிப்பு வேறு மாதிரி, கை வைத்தாலே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியாகப் போய்த் தேர்ந்தெடுத்து மாற்றினேன். நூற்றுச் சொச்சம் இடம். எங்கோ ஒன்றை விட்டுவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து பார்ப்பேன். கண் இன்னும் மங்கினால் இத்தனையையும் மறுபடி செய்ய வேண்டும், மறுபடி ஒன்றை விடுவேன், மறுபடி அவர் அந்த மேடையில் நிற்பார்.

ஆவணி மாதத்து மத்தியானம் ஒன்றில், கோர்ட் விடுமுறை, தெருவே காலி. எரிச்சலில் சுட்டியை எங்கோ இழுத்தபோது அந்த ‘நார்மல்’ கட்டத்தின் ஓர அம்பில் பட்டுவிட்டது. அடியில் ஒரு பட்டியல் விழுந்தது. பெட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டதோ என்று பதறிப்போய் ஏதோ ஒன்றைத் தட்டினேன். நான் நின்றிருந்த பத்தி மட்டும் தடித்துப் பெரிதாகித் தலைப்புபோல் எழுந்து நின்றது. கட்டத்தில் ‘நார்மல்’ போய் வேறொரு பெயர் வந்திருந்தது. சுட்டியை அடுத்த பத்தியில் வைத்துப் பார்த்தேன், மறுபடி ‘நார்மல்’. அப்படியென்றால் இது பெட்டியைப் பற்றிய செய்தி இல்லை. ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பெயர் இருக்கிறது. நான் அடித்த அத்தனை மனுக்களுக்கும், அத்தனை பத்திரங்களுக்கும், நான் கேட்காமலேயே ஒரு பெயர் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் என் பக்கத்தில் ஒரு ஆள் ஆறு வருடமாக உட்கார்ந்திருந்ததுபோல் இருந்தது.

அன்றைக்கும் மறுநாளும் மெனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். இந்தப் பெயர்களுக்கு ஸ்டைல் என்று பேர், புதிதாக ஒன்றை நாமே உண்டாக்கிப் பெயர் வைக்கலாம் என்று கண்டுபிடித்தேன். தமிழ் எழுத்துருவில் பெயரை அடித்தால் அந்தக் கட்டத்தில் கொக்கியும் புள்ளியுமாக வந்தது. அதனால் ஆங்கில எழுத்தில் மூன்று பெயர் அடித்தேன்: வாசிப்பு, ஜனங்கள், குறிப்பு. முதல் பத்தியில் நின்று, இது வாசிப்பு என்றேன். அடுத்தது, இது ஜனங்கள். அதற்கடுத்தது, இது குறிப்பு. இப்படி நூற்றுச் சொச்சம் பத்திக்கும், கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பெயரிட்டேன். அளவைத் தொடவே இல்லை.

எல்லாம் முடிந்தபின் ‘வாசிப்பு’ என்கிற பெயரைத் திறந்து, எழுத்தளவு என்ற இடத்தில் முப்பத்தாறு என்று அடித்தேன். சரி என்பதைத் தட்டினேன்.

திரை ஒரு தடவை சிமிட்டியது. அவ்வளவுதான். கீழே பக்க எண்ணைப் பார்த்தேன், நூற்றிருபதுக்குப் போயிருந்தது. பக்கம் பக்கமாக இறங்கிப் போனேன். தாயின் அழுகை அத்தனையும் பெரிதாகியிருந்தது. ஒரு வரிகூட உடையவில்லை. குறிப்புகள் தங்கள் இடத்தில், தங்கள் அளவில், அசையாமல் இருந்தன. நான் போய்ப் பார்க்காத பக்கங்களில்கூட, நான் கை வைக்காத வரிகளில்கூட, அது நடந்திருந்தது. யாரும் தொடாமல். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். கோயிலில் எழுந்து நிற்கிற மாதிரிதான் நின்றேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கடைக்கார அம்மா உள்ளேயிருந்து, “என்னடி, பாம்பா?” என்று கேட்டார்.

பிறகு ‘குறிப்பு’ என்பதைத் திறந்தேன். அதற்கு நாலு பக்கமும் தடித்த கட்டம் போட்டு, பக்கத்தின் வலது ஓரத்துக்குத் தள்ளினேன். ஒரே தட்டு. முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை அத்தனை குறிப்பும் விலகிப் போய் ஓரத்தில் கட்டத்துக்குள் உட்கார்ந்தன. தண்ணீர் குடிக்கச் சொல்கிற அந்தப் பாழாய்ப்போன வரியும் போய் உட்கார்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதினியை வரவழைத்தேன். திரை அவருக்குத் தெரியாது, அதனால் அச்சடித்துக் காட்டினேன். தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விலக்கி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னது, ஓரத்துல கறுப்பா?”

“அதுதான் குறிப்பு. கறுப்புச் சட்டம் தெரிஞ்சா வாயத் தொறக்காதீங்க.”

“ஜெயில்ல போட்டியா அத?” என்று சிரித்தார். அந்தப் பெரிய வெள்ளிக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிழை பார்க்க அவரால் முடியாது. அதனால் நூற்றிருபது பக்கத்தையும் நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, அங்கங்கே நிறுத்தித் திருத்துவார். இழுக்க வேண்டிய இடத்தில் நான் இழுக்காமல் போனால் முழங்கையால் இடிப்பார். அடுத்த பெரிய வெள்ளி வாசிப்பில் ஒரு குறை இல்லை. கோயில் பிள்ளை மேடையின் பக்கத்திலேயே நின்று தாளையும் அவர் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். முடிந்ததும் தலையை மட்டும் ஆட்டினார். நோட்டு எங்கள் வீட்டிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் தவக்காலத்துக்கு முன்னால் மதினி கடைக்கு வருவார். நான் அந்தப் பெயரைத் திறந்து ஒரு எண்ணை மாற்றுவேன். நாற்பத்தெட்டு. அடுத்த வருடம் அறுபது. கடையில் கம்ப்யூட்டர் மாறியது, பிரிண்டர் மாறியது, தெருவில் எங்களைப் போல் ஆறு கடை முளைத்தது. அந்த ஃபைலை மட்டும் நான் பிளாப்பியிலிருந்து சிடிக்கும், சிடியிலிருந்து பென் டிரைவுக்கும் மாற்றி மாற்றிப் பத்திரப்படுத்தினேன். எண்ணை மாற்றும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சிமிட்டலுக்காகக் காத்திருப்பேன். பழகிப்போகும் என்று நினைத்தேன், பழகவில்லை. இத்தனை பக்கமும் ஒரு பெயருக்குக் கட்டுப்பட்டு ஒரே நேரத்தில் எழுந்து நகர்வதைப் பார்க்கும்போது, ஒவ்வொரு தடவையும் முழங்கை வரை புல்லரித்தது, மதினியின் குரலுக்குப் புல்லரிப்பதுபோலவே. எண்ணை மாற்றிவிட்டு, வழக்கம்போல் நான் வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்பார்.

கடைசியில் எழுபத்திரண்டு. படுக்கைவாட்டில் ஒரு தாளுக்கு ஏழெட்டுச் சொல்தான் பிடித்தது. ஐந்நூறு தாளுக்கு மேல் போனது. சுருள் கம்பி போட்டு மூன்று புத்தகமாக்கினோம். அண்ணன் அதற்கென்று ஒரு மரப்பலகை செய்து கொடுத்தார். பக்கம் புரட்டவே ஒரு ஆள் வேண்டியிருந்ததால், நான் மதினியின் பக்கத்தில் நின்று புரட்டினேன். எனக்கு அந்தப் பக்கம் கோயில் பிள்ளை. கண் மங்கலாகிவிட்டது என்பது அதற்குள் ஊருக்கே தெரியும். ஆனாலும் தாளைப் பார்த்து வாசிக்கிறவரை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

நல்ல வெயில், ஓட்டுக்கூரைக்குள் அனல். மதினி வாசிக்கிறார், நான் புரட்டுகிறேன். என் கை வியர்த்திருந்தது. இரண்டாம் புத்தகத்தின் நடுவில் எங்கோ, நான் புரட்டிய தாளைப் பார்க்கிறேன், மதினி வாசிக்கிற சொற்கள் அதில் இல்லை. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டுவிட்டது. ஒரு பக்கம் போய்விட்டது. ஆனால் மதினி நிற்கவில்லை. கண்ணில் படாமல் புரண்டுபோன அந்தப் பக்கத்தை ஒரு சொல் விடாமல், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, வாசித்துக்கொண்டே வந்து, திறந்திருந்த பக்கத்தின் முதல் சொல்லில் சரியாகச் சேர்ந்துகொண்டார். கண்கள் தாளில்தான் இருந்தன, இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டும் இருந்தன. கறுப்புச் சட்டம் வந்த இடத்தில் வாயை மூடி நின்றார்.

எவ்வளவு காலமாக இப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை எழுத்தளவு அறுபதான வருடத்திலிருந்தே இருக்கலாம். கடையில் உட்கார்ந்து நான் வாசித்த வாசிப்பெல்லாம் அவருக்குள் ஒரு வரி உடையாமல் போய் உட்கார்ந்திருக்கிறது. நான் ஐந்நூறு தாளைப் பார்த்து வாய் பிளந்தவள்.

பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். கோயில் பிள்ளையின் கண் அந்தத் தாளின் மேல் இருந்தது. ஒட்டிக்கொண்ட இரண்டு தாளின் ஓரத்தை அவரும் பார்த்துவிட்டார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எவருக்கும் தெரிந்திருக்கும், ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் தண்டி இருந்தது. அவர் வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். அவர் கையை நீட்டி, ஒட்டியிருந்த தாளைச் சத்தமில்லாமல் பிரித்துச் சரிசெய்தார். அடுத்த குறிப்பு வந்தபோது, அதில் எழுதியிருந்தபடி, மரக்கட்டையை எடுத்து மூன்று தடவை தட்டினார்.

அந்த ஆண்டு முழுக்க அவர் அதைப் பற்றி ஊரில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. நோட்டு வேறு வீட்டுக்குப் போகும் என்று நானும் அண்ணனும் ஒவ்வொரு ஞாயிறும் பயந்தோம்.

அடுத்த தவக்காலத்துக்குப் பத்து நாள் முன்னால், காலையில் கடையைத் திறந்து சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் கோயில் பிள்ளை நின்றார். ஏதோ பத்திரம் பதிய டவுனுக்கு வந்தவராம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் திரையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

“ஏத்தா, போன வருசம் எழுத்து கொஞ்சம் பொடிசாப் போச்சு போல. பாவம், தங்கச்சி கண்ணுக்கு எட்டல” என்றார். “இந்த வருசம் இன்னுங் கொஞ்சம் பெருசா அடிச்சுக் குடு. நானும் பக்கத்துல நிக்கணும்ல.”

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

நான் ஃபைலைத் திறந்து, ‘வாசிப்பு’ என்கிற பெயரைத் திறந்தேன். அளவுப் பட்டியல் எழுபத்திரண்டோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கட்டத்துக்குள் நாமே அடிக்க வேண்டும். தொண்ணூறு என்று அடித்துவிட்டு, சிமிட்டலுக்காகக் காத்திருந்தேன்.